அழித்தவர் பெயர்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் நாற்பத்தேழு நொடி. அழித்தவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது.

அந்த நேரத்தில் நான் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன்.

இன்று வெள்ளி. மணி பதினொன்று. நான்கு மணிக்கு விசாரணைக் குழுவிலிருந்து ஆள் வருவார். அவர் கையில் நான் ஒரு டிஸ்க் கொடுக்க வேண்டும். ஸ்டோரிலிருந்து டிஸ்க் காலையில்தான் வந்தது. உறை பிரித்து மேசைமேல் வைத்திருந்தேன். அதில் போடுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் லிஃப்ட் அறுந்து விழுந்தது. மூன்று பேர் செத்தார்கள். எங்கள் கேமராக்காரர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். நாற்பத்திரண்டு நிமிடம் நிறுத்தாமல் எடுத்தார். அதில் ஓரிடத்தில் கடை மேலாளர் போனில் பேசுகிறார். கேமரா வேறு பக்கம் பார்க்கிறது என்று நினைத்துப் பேசுகிறார். சுற்றிலும் ஒரே கூச்சல். செய்தியில் ஓடியபோது அவர் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் கேமராவில் ஒவ்வொரு மைக்கின் ஒலியும் தனித்தனித் தடத்தில் பதியும். மூன்றாவது தடத்தை மட்டும் கேட்டால் பேச்சு தெளிவாக இருக்கிறது என்று கேமராக்காரர் குழுவிடம் சொல்லிவிட்டார். வெட்டாத முழுக் காட்சியும் வேண்டும் என்று திங்கட்கிழமை கடிதம் வந்தது.

ஜவுளிக்கடை எங்கள் சேனலின் பெரிய விளம்பரதாரர். செய்திக்கு முன்னாலும் அவர்கள் துணிதான் பறக்கும், பின்னாலும் அவர்கள் துணிதான்.

என்னை இங்கே டேப்பக்கா என்பார்கள். டேப் ஒழிந்து பத்து வருடம் ஆகிறது. எல்லாம் சர்வருக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. வருகிற காட்சியை ஏற்றுவது, தலைப்பு வைப்பது, வேண்டியதைப் பூட்டுவது, வேண்டாததைக் கழுவுவது என் வேலை. சர்வர் நிறைந்துகொண்டே இருக்கும். செவ்வாய்தோறும் மூன்று மணிக்குக் கழுவ வேண்டும். பூட்டு இல்லாத பழைய காட்சிகளை எல்லாம் அது பட்டியலாகக் காட்டும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பூட்டியதை யாராலும் அழிக்க முடியாது. பூட்டாதது குப்பை. குப்பையைப் பிரித்துப் பார்க்க இங்கே ஒருத்தருக்கும் நேரம் கிடையாது.

லிஃப்ட் காட்சியை விபத்து நடந்த அன்றே நான் பூட்டினேன்.

ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு பிரதி உண்டு. பெரியதைத் தாய் என்போம், சின்னதைக் குட்டி. மேசைக் கணினியில் ஓடுவது குட்டி. தாயில் எட்டு ஒலித்தடம் இருக்கும். குட்டியில் எல்லாம் கலந்து ஒன்று. கழுவினால் தாய் அந்த நொடியே போய்விடும். குட்டி மூன்று மாதம் கிடக்கும், முன்பு என்ன இருந்தது என்று தேடிப் பார்க்க.

புதன்கிழமை குழுவுக்குப் பதில் எழுதினேன். எழுதுமுன் காட்சியைத் திறந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிடமும் ஓடியது. 'கேட்கப்பட்ட காட்சி முழுமையாக எங்கள் பாதுகாப்பில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஓடியது குட்டி. தாய் முந்தின நாளே செத்திருந்தது. இன்று காலை டிஸ்கில் ஏற்றப் போனபோதுதான் அது தெரிந்தது.

தலைமைப் பொறியாளரைப் பதினெட்டு என்பார்கள். சர்வர் அறையைப் பதினெட்டு டிகிரியில் வைத்திருப்பதுதான் வாழ்க்கை அவருக்கு. நான் போனபோது ஸ்வெட்டரோடு அடுக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். விசிறிகளின் இரைச்சலில் எல்லாவற்றையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ரகசியம் பேச மோசமான இடம்.

"ரெண்டாவது சர்வர்ல பாத்தீங்களா?" என்றார்.

"அது நிழல் மாதிரி சார். இது குனிஞ்சா அதுவும் குனியும்."

"கேமரா கார்டு?"

"அன்னைக்கே துடைச்சிட்டாங்க. மறுநாள் விளையாட்டுக்கு வேணும்னு."

"அழிஞ்ச இடத்துல இருந்து மீட்க முடியாது. மூணு நாளா அது மேல வேற ஏறியாச்சு." பல்லைக் கடித்தார். "யானை வாயில போன கரும்பும்மா. சரி, எப்ப அழிஞ்சுது?"

"செவ்வாய் மூணு பன்னெண்டு."

"யாரு?"

"என் லாகின். நான் இல்ல சார். நான் பல் டாக்டர்கிட்ட இருந்தேன். ரசீது இருக்கு."

"உங்க பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியாது?"

அவர் சிரிக்கவில்லை. அது உண்மை. என் லாகினில் மட்டும்தான் பழைய காட்சியை வெளியே எடுக்க முடியும். நான் சாப்பிடப் போகும்போது எடிட்டர்கள் வந்து கெஞ்சுவார்கள். இரண்டு வருடம் கெஞ்சினார்கள். மூன்றாவது வருடம் நான் கொடுத்துவிட்டேன்.

"இங்க பாருங்க. நாலு மணிக்கு அவங்க வந்ததும் காட்சி எங்கன்னு கேப்பாங்க. இல்லன்னு சொன்னா, யாரு அழிச்சதுன்னு கேப்பாங்க. எனக்கு ஒரு பேரு வேணும். பேரு இல்லன்னா கையெழுத்துப் போட்டவங்க பேருதான். சாட்சியத்தை அழிச்சா வேலையோட நிக்காது. புரியுதா?"

புரிந்தது.

"செவ்வாய்க்கிழமை உங்க சீட்டுல யாரு உட்காந்தது?"

"கேட்டுச் சொல்றேன் சார்."

கேட்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும். கிளம்பும்போது கழுவுகிற வேலையை அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். ஒளிபரப்பு அறையின் பகல் ஷிஃப்ட் அவர் பொறுப்பு. பதினான்கு வருடத்துக்கு முன்னால் என்னைக் கையைப் பிடித்து இங்கே கூட்டி வந்தவர் அவர்தான். வெளியே சொன்னால் அக்கா குடும்பம் தெருவில் நிற்கும். சொல்லாவிட்டால் நான் நிற்பேன், தெருவிலா வேறு இடத்திலா என்பதுதான் கேள்வி.

படி இறங்கும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால், சாப்பிடும்போது, "அந்த லிஃப்ட் காட்சி இன்னும் இருக்கா?" என்று கேட்டார். "ஏன் அத்தான்?" என்றேன். "சும்மாதான்." அத்தான் சும்மா எதையும் கேட்கிறவர் இல்லை. அதற்கப்புறம் என்னோடு சாப்பிட வருவதை நிறுத்திக்கொண்டார். போன வாரம், ஜவுளிக்கடைக்கு விளம்பரம் எடுக்கிற கம்பெனிக்காரரோடு பின்படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்து இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். கம்பெனிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எல்லாம் தோன்றியது.

ஒளிபரப்பு அறையில் சுவர் முழுக்கத் திரைகள். நடுவில் இருப்பது ஒளிபரப்பாகிக்கொண்டிருப்பது. அத்தான் அதிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். பேசுவதென்றால் அவர் பிடரியோடுதான் பேச வேண்டும்.

"அத்தான், செவ்வாய்க்கிழமை கழுவினீங்களா?"

"நீதானே சொல்லிட்டுப் போனே."

"பாத்துக் கழுவினீங்களா?"

"என்ன, பாத்திரமா அது? திருப்பித் திருப்பிப் பாத்துக் கழுவ?" என்றவர், "முப்பது நொடி" என்று பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் சொன்னார்.

"லிஃப்ட் காட்சியோட தாய் போயிடுச்சு."

பிடரி அசையவில்லை.

"அது பூட்டி இருந்துச்சே," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன கேள்வி இது? எல்லாத்தையும் பூட்டுறவ நீ. அதைப் பூட்டாமயா விட்டிருப்பே?" பிறகு, "பத்து நொடி. விளம்பரம் ரெடியா? போ."

நடுத்திரையில் ஜவுளிக்கடையின் துணி பறந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"பூட்டி இருந்தா எப்படி அத்தான் போகும்?"

"அதை நீதான் எனக்குச் சொல்லணும்."

"ரெண்டு வாரம் முன்னாடி அதைப் பத்திக் கேட்டீங்களே, ஏன்?"

"பத்திரமா வச்சுக்கோன்னு சொல்ல வந்தேன். நீ ஏன்னு கேட்டு முறைச்சே. உன் வேலையில தலையிடறேன்னு நினைப்பியோன்னு விட்டுட்டேன்."

"படிக்கட்டுல அந்த விளம்பரக் கம்பெனிக்காரரோட என்ன பேச்சு?"

அப்போதுதான் அவர் திரும்பினார். ஒளிபரப்பு நேரத்தில் அவர் திரும்பி நான் பார்த்ததில்லை.

"அது வேற விஷயம்."

"என்ன விஷயம்?"

"வேற விஷயம்னா வேற விஷயம். சொல்ல வேண்டிய நேரத்துல சொல்றேன்." மறுபடியும் திரைக்குத் திரும்பினார். "மூணு மணிக்கு ஷிஃப்ட் முடியுது. வரேன். ரெண்டு பேரும் சேந்து தேடுவோம். எங்க போயிடப் போகுது?"

கோழி திருடினவனும் கூட நின்று தேடுவான். நான் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மதியம் சாப்பிடவில்லை. பல் பிடுங்கின இடத்தில் வலித்தது. ஒன்றரை மணிக்கு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"என்னடி இந்த நேரத்துல? பல்லைப் பிடுங்கினாங்களே, பேச்சு வருதா? வரலைன்னா உங்க ஆபீசுக்கே நல்லது."

"வருது. அக்கா, செவ்வாய்க்கிழமை அத்தான் வீட்டுக்கு வந்து ஏதாவது சொன்னாரா?"

"அவரு பேசறதும் உங்க டிவி மாதிரிதான். அந்தப் பக்கத்துலேருந்து வரும். இந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணும் கேக்க முடியாது. ஏன்?"

"சும்மாதான்," என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் வார்த்தை என்று உறைத்தது.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஏய், உனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சா? அவரு சொல்லிட்டாரா?"

"எந்த விஷயம்?"

"தெரியாத மாதிரி நடிக்காதே. பெரியவளுக்கு வேலை. அந்த விளம்பரக் கம்பெனியில. ஒரு மாசமா அந்த மனுஷன் பின்னாடி அலைஞ்சார். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டார். கிடைக்கலைன்னா மச்சினி முன்னாடி மானம் போயிடுமாம். இப்ப கிடைச்சிருச்சு. திங்கக்கிழமையிலேருந்து வரச் சொல்லிட்டாங்க."

"எப்பக்கா சொன்னாங்க?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அஞ்சரை இருக்கும். போனை வச்சிட்டு மனுஷன் அழுதுட்டார்டி. கல்யாணத்தன்னைக்குக்கூட அழாதவர்."

"கல்யாணத்தன்னைக்கு நீதானே அழுதே."

"காரணத்தோட அழுதேன்," என்று அக்கா சிரித்தாள். நானும் சிரிப்பது மாதிரி ஒரு சத்தம் போட்டேன்.

செவ்வாய் மூன்று பன்னிரண்டு. செவ்வாய் ஐந்தரை.

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அந்த இரண்டு நேரத்தையும் காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இருந்தது இரண்டேகால் மணி நேரம். ஒருத்தர் இன்னொருத்தருக்குப் போன் செய்து, அவர் மேலே இருப்பவருக்குப் போன் செய்ய அது தாராளம்.

இரண்டரைக்குப் பதினெட்டின் அறைக்குப் போனேன். இது சர்வர் அறை இல்லை, அவர் அறை. இங்கேயும் குளிர்ந்தது.

பெயரைச் சொன்னேன்.

அவர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. "உங்க அக்கா வீட்டுக்காரர் இல்ல?"

"ஆமா."

"உறுதியா?"

"கழுவினது அவர்தான் சார். அவரே ஒத்துக்கிட்டார். பூட்டுப் போட்டிருந்த காட்சி அது. யாராவது திறந்தாத்தான் அழியும். அப்ப அந்த சீட்டுல இருந்தது அவர் மட்டும்தான்." படிக்கட்டு விஷயத்தையும் சொன்னேன். பெண்ணின் வேலையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நன்றாகக் கோத்து வந்தது.

"வீட்டு விஷயமெல்லாம் நான் எழுதலை," என்றார் பதினெட்டு. "பேரும் நேரமும் போதும். அழிச்ச பக்கத்தை அச்சு எடுத்துட்டு வாங்க."

என் அறைக்கு வந்தேன். அழித்தவை என்ற பக்கத்தை எடுத்தேன். இருநூற்றுப் பதினான்கு காட்சிகள், ஒரே நொடியில் போனவை. லிஃப்ட் தொண்ணூற்றொன்றாவது. அச்சுக்குக் கொடுத்தேன்.

அது போதும். ஆனால் பூட்டைத் திறந்த நேரமும் இருந்தால் அவரால் தப்ப முடியாது என்று தோன்றியது. மூன்று பத்து, மூன்று பதினொன்று, ஏதாவது இருக்கும். ஒரு காட்சிக்கு ஏற்றிய நாளிலிருந்து என்னென்ன நடந்தது என்று தனியாக ஒரு வரலாறு உண்டு. யாரும் அதைத் திறப்பதில்லை. தேடி எடுக்கவே கால்மணி நேரம் ஆகும். திறந்தேன்.

செவ்வாய்க்கிழமையில் ஒரே ஒரு வரி இருந்தது. அழிக்கப்பட்டது.

மேலே போனேன்.

திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. பூட்டு திறக்கப்பட்டது. பதினொன்று இருபத்தொன்று. தலைப்பு மாற்றப்பட்டது. என் லாகின். என் கணினி. நாற்காலியில் நான்.

அதற்கு அடுத்த வரி, பூட்டப்பட்டது என்று இருக்க வேண்டும். இல்லை.

குழுவின் கடிதம் திங்கட்கிழமை காலையில் வந்தது. படித்த கையோடு அந்தக் காட்சியைத் திறந்தேன். யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்று தலைப்பின் கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தேன். பூட்டிய காட்சிக்குத் தலைப்பு மாற்ற முடியாது. பூட்டைத் திறக்க வேண்டும், மாற்ற வேண்டும், திரும்பப் பூட்ட வேண்டும். பதினான்கு வருடமாகச் செய்கிற வேலை. தலைப்பை மாற்றிய நேரத்தில் பல் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நாளை மூன்று மணிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன்.

நான் சேர்த்த வார்த்தை: 'அழிக்கக்கூடாது.'

கழுவுகிற பட்டியலில் தலைப்பின் முதல் நான்கு வார்த்தைதான் தெரியும். அச்சான பக்கத்தில் தொண்ணூற்றொன்றாவது வரியைப் பார்த்தேன். 'லிஃப்ட் விபத்து முழுக் காட்சி' என்பதோடு வரி முடிந்திருந்தது.

அத்தான் அந்த வரியைப் படித்தாரா? படித்தும் அழுத்தினாரா? பூட்டில்லாமல் கிடப்பதைப் பார்த்து, கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது என்று நினைத்தாரா? அல்லது நான் செவ்வாய்தோறும் செய்வதுபோல எதையும் பார்க்காமல், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனாரா? வரலாற்றில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை. யார், எந்தக் கணினி, எத்தனை மணி. அவ்வளவுதான்.

நான் ஏன் திங்கட்கிழமை அப்படி விட்டேன் என்பதற்கும் கட்டம் இல்லை. கடிதம் வந்த நாள், பூட்டைத் திறந்த நாள் இரண்டும் ஒன்று. மறுநாள் கழுவும் நேரத்தில் நான் வெளியே. கையில் ரசீது. வேறொருத்தரைப் பற்றி இவ்வளவு கிடைத்திருந்தால் நான் எப்படிக் கோத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தையும் அச்சு எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

மூன்று இருபதுக்குப் பதினெட்டு கதவைத் திறந்து தலையை நீட்டினார். "பக்கம் ரெடியா?"

என் கையில் இரண்டு தாள் இருந்தது.

"அழிச்ச பக்கம் மட்டும் போதும்மா. நிறையக் கொடுத்தா நிறையக் கேப்பாங்க."

மேலே இருந்த தாளைக் கொடுத்தேன். அவர் அதைக் குனிந்து பார்த்தார். என் பெயரைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார். "அவரைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். எழுதிக் கொடுத்த தாள்ல கையெழுத்துப் போட்டுட்டார்," என்றார். "எதுவும் மறுக்கலை. நீங்க சொன்னது சரிதான் போல."

மறுக்கவில்லை. அதை நான் பிடித்துக்கொண்டேன். மடியில் கனமில்லாதவர் ஏன் மறுக்கவில்லை? கழுவியது தான்தான் என்பதால் மறுக்கவில்லையா, வேறெதையும் கிளற வேண்டாம் என்று மறுக்கவில்லையா?

பதினெட்டு போய்விட்டார். இரண்டாவது தாளை நான்காக மடித்தேன். மேசை இழுப்பறையில் வைத்தேன். எடுத்துக் கைப்பையில் வைத்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றே முக்காலுக்கு அத்தான் வந்தார். சாப்பாட்டுப் பை தோளில் தொங்கியது. உள்ளே வரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றார். காலையில் ஒரு கணம் மட்டும் காட்டிய முகத்தை இப்போது முழுதாகக் காட்டினார். அதில் என்ன இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என் பேரைத்தான் சொன்னியாம்," என்றார்.

"கழுவினது நீங்கதானே அத்தான்."

"நான்தான். அதுல சந்தேகமே இல்ல. அதான் கையெழுத்துப் போட்டேன்."

"அந்த வேலை விஷயத்தை என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"ஓ. அக்கா சொல்லிட்டாளா?" தலையை ஆட்டிக்கொண்டார். "அதையும் அவர்கிட்ட சொன்னியா?"

நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி விடு. அவ திங்கக்கிழமை போவாளா மாட்டாளான்னு அப்புறம் பாத்துக்கலாம்." தோளிலிருந்து பையை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். வராந்தாவில் யாரோ வருகிற சத்தம் கேட்டது. பதினெட்டின் குரலும், தெரியாத ஒரு குரலும். அத்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நான் அழிச்சேன், ஒத்துக்கறேன். பூட்டை யாரு திறந்ததுன்னு பாத்தியா?"